விரிசலைப் பார்த்தவர்கள்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் கால் வைத்த தமிழர் எவருக்கும் சிராங்கூன் சாலை தெரிந்திருக்கும். அந்தச் சாலை ஓவன் சாலையைச் சந்திக்கும் இடத்தில் 1986 வரை ஆறு மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. கீழே வங்கி, அதற்கு மேல் இரவு விடுதி, அதற்கும் மேல் ஹோட்டல் நியூ வேர்ல்ட். அந்த ஆண்டு மார்ச் 15 அன்று, முற்பகல் பதினொன்றரை மணிக்குச் சற்று முன்பு, கட்டடம் மொத்தமாகச் சரிந்து கற்குவியலானது. 33 பேர் இறந்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள். அப்போது எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் ஓடிவந்து இடிபாடுகளுக்கு அடியில் வழி குடைந்து கொடுத்ததைச் சிங்கப்பூர்க்காரர்கள் இன்றுவரை நன்றியோடு நினைவுகூர்கிறார்கள்.

விசாரணை ஆணையம் கண்டுபிடித்த காரணம் நம்ப முடியாத அளவுக்கு எளிமையானது. தூண்களை வடிவமைத்தபோது கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அப்படி ஒரு கட்டடம் பதினைந்து ஆண்டுகள் நின்றதே வியப்பு. ஆனால் அது சொல்லாமல் கொள்ளாமல் விழவில்லை. உள்ளே வேலை செய்தவர்கள் தூண்களில் விரிசலைப் பார்த்திருந்தார்கள். பார்த்ததை எங்கே சொல்வது, சொன்னால் யார் வந்து பார்ப்பார்கள் என்பதற்கு அன்று தெளிவான வழி இல்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1995 ஜூன் 29 அன்று, தென்கொரியத் தலைநகர் சோலில் சம்பூங் பல்பொருள் அங்காடி இடிந்து 502 பேர் மாண்டார்கள். அன்று காலையே ஐந்தாம் மாடிக் கூரையில் விரிசல் பெரிதாகிக்கொண்டிருந்ததை ஊழியர்கள் கண்டார்கள், நிர்வாகத்துக்கும் தெரியும். மேல்தளத்தை மூடினார்கள், மற்றத் தளங்களில் வியாபாரம் மாலைவரை நடந்தது.

கட்டடம் என்பது சிமென்டும் கம்பியும் என்று நினைக்கிறோம். அதன் உடல்நிலையை முதலில் அறிகிறவர்கள் அதற்குள் வாழ்கிறவர்கள். லிஃப்ட் மூன்றாம் மாடியில் ஒரு கணம் குலுங்கி நிற்பது, குளியலறைக் கூரையில் ஓதம் வட்டமாகப் பரவுவது, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இரவெல்லாம் சொட்டுவது எல்லாம் அவர்கள் கண்ணிலும் காதிலும்தான் முதலில் படுகின்றன. இந்தச் சிதறிய அறிவை ஒன்றுதிரட்டிப் பராமரிப்புக்குப் பயன்படுத்த இன்று கையில் செல்போன் இருக்கிறது. உலகின் பல நகரங்கள் அதைச் செய்து பார்த்துவிட்டன. எங்கே வேலை செய்கிறது, எங்கே வெறும் சடங்காகிறது என்பதைத் தமிழ்நாடு கவனமாகப் பார்க்க வேண்டிய நேரம் இது. ஐம்பது ஆண்டுகளாக நாம் கட்டிய அடுக்குமாடிகள் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வயதாகிக்கொண்டிருக்கின்றன.

ஓதம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி எளிதில் துருப்பிடிக்காது. சிமென்டின் காரத்தன்மை அதைச் சுற்றி ஒரு காப்புப் படலத்தை உருவாக்குகிறது. குழாய்க் கசிவும் கடற்காற்றின் உப்பும் காற்றின் கரியமில வாயுவும் சேர்ந்து அந்தக் காப்பைக் கரைத்துவிட்டால் கம்பி துருவாக மாறுகிறது. துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். உள்ளேயிருந்து அது நெட்டித் தள்ள, கம்பியின் நீளத்துக்கு விரிசல் ஓடுகிறது, காரை பெயர்கிறது, பெயர்ந்த இடத்தில் இன்னும் அதிகமாக ஈரம் புகுகிறது. முதல் ஓதக்கறையிலிருந்து கம்பி வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். முதல் ஆண்டில் பிளம்பர் ஒருவர் அரை நாளில் முடிக்கக்கூடிய வேலை, பத்தாம் ஆண்டில் தூணைச் சுற்றி முட்டுக்கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையாகிறது.

ஹோட்டல் நியூ வேர்ல்ட் விபத்துக்குப் பிறகு சிங்கப்பூர் 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. குடியிருப்புக் கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறையும் மற்றவற்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் தகுதியுள்ள பொறியாளர் சோதிக்க வேண்டும். மிக நல்ல சட்டம். ஆனாலும் குடியிருப்புகளில் இரண்டு சோதனைகளுக்கு நடுவே மூவாயிரத்து அறுநூறு நாள்களுக்கு மேல் இருக்கின்றன. அந்த இடைவெளியில் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது குடியிருப்பவர் மட்டும்தான்.

சிங்கப்பூரில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். அவற்றின் பொது இடங்களை, அதாவது லிஃப்ட், படிக்கட்டு, நடைபாதை, கூரை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை, நகர மன்றங்கள் பராமரிக்கின்றன. அதற்காக ஒவ்வொரு வீடும் மாதக் கட்டணம் செலுத்துகிறது. இதன் ஒரு பகுதி பிற்காலப் பெரிய செலவுகளுக்கென்று தனி நிதியில் போய்ச் சேர்கிறது. இப்படிப் பணமும் பொறுப்பும் ஒழுங்காக இருந்த ஊரிலேயே புகார் சொல்வது எவ்வளவு சிக்கலாக இருந்தது என்பதைப் பிரதமராக இருந்த லீ சியன் லூங், 2014 தேசிய தினப் பேரணி உரையில் ஒரு மீன் உருண்டைக் குச்சியை வைத்து விளக்கினார்.

புக்கிட் கோம்பாக் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகில் ஒரு பாதை. மீன் உருண்டை தின்றுவிட்டு யாரோ எறிந்த குச்சி அங்கே கிடந்தது. விசாரித்தால், ஒரு பக்கச் சரிவு ஒரு துறையின் பொறுப்பு, நடுவில் உள்ள பாதை இன்னொரு துறையின் பொறுப்பு, சாலையோர நடைபாதை மூன்றாவது துறையின் பொறுப்பு. மூன்றையும் வெவ்வேறு நாள்களில் துப்புரவு செய்தார்கள். குச்சி உருண்டு போய் எந்த எல்லைக்குள் கிடக்கிறதோ அதைப் பொறுத்து அது எடுக்கப்படும் நாள் மாறியது. அந்த ஆண்டே நகராட்சிச் சேவைகளுக்கென்று ஒரு தனி அலுவலகம் அமைத்தார்கள். 2015 ஜனவரியில் ஒன்சர்வீஸ் என்ற செயலி வந்தது. பிறகு 2021இல் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் புகார் வாங்கும் உரையாடல் சேவையும் சேர்ந்தது.

செயலியின் வேலை வெளிப்பார்வைக்குச் சாதாரணம். படம் எடுக்கிறீர்கள், இருப்பிடத்தை அது குறித்துக்கொள்கிறது, என்ன பழுது என்று தேர்ந்தெடுத்து அனுப்புகிறீர்கள். அருமை அதற்குப் பின்னால் இருக்கிறது. இது நகர மன்றத்தின் வேலையா, சாலைத் துறையின் வேலையா, பூங்காத் துறையின் வேலையா என்று தீர்மானிக்கும் சுமை குடியிருப்பவரிடமிருந்து அரசுக்கு மாறியது. புகார் தவறான இடத்துக்குப் போனால் திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக அவர்களே சரியான இடத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் ஒரு தெருவிளக்குக்காக மின்வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் நடந்து தேய்ந்தவர்கள் இதன் மதிப்பை உடனே உணர்வார்கள். படம் எடுப்பதை எந்த நிரலாளரும் ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். மூன்று துறைகளை ஒரே மேசையில் உட்காரவைக்க ஒரு பிரதமர் பேச வேண்டியிருந்தது.

பலரிடமிருந்து புகார் சேரும்போது தனிப் புகாரால் தெரியாத ஒன்றும் தெரியவருகிறது. இதைக் கட்டட மேலாளர்கள் இன்னும் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். நான்காம் மாடி வீட்டுக்காரர் குளியலறைச் சுவரில் ஓதம் என்கிறார். மேல்வீட்டுக் குளியலறையைக் குறை சொல்கிறோம். இரு வீட்டுக்கும் மனத்தாங்கல், டைல்ஸ் உடைத்துப் பார்த்ததில் செலவு. இரண்டு மாதம் கழித்து ஆறாம் மாடியிலும் அதே ஓதம், பிறகு இரண்டாம் மாடியிலும். மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால் மூன்று சண்டைகள். கட்டடத்தின் வரைபடத்தில் மூன்றையும் புள்ளியாக வைத்தால் அவை ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கும். அந்தக் கோட்டில்தான் கழிவுநீர்க் குழாய் இறங்குகிறது. பழுது எந்த வீட்டிலும் இல்லை, டக்ட்டில் இருக்கிறது. லிஃப்டும் அப்படித்தான். ஒருவர் சொன்னால் மெக்கானிக் வந்து ஓட்டிப் பார்த்து நன்றாகத்தானே இருக்கிறது என்று போய்விடுவார். பன்னிரண்டு பேர் நேரத்தோடு எழுதினால், மின்சாரம் போய் வந்த பிறகு மட்டும் அது தளத்தோடு சமமாக நிற்பதில்லை என்று தெரியும். அதற்கு அவர் தேட வேண்டிய இடம் வேறு.

சாங்கி விமான நிலையம் வழியாகப் போனவர்கள் கழிப்பறை வாசலில் ஒரு தொடுதிரையைக் கவனித்திருப்பார்கள். அந்நேரப் பணியாளரின் படமும் பெயரும் இருக்கும். சிரித்த முகம் முதல் வாடிய முகம் வரை வரிசையாக இருக்கும். வாடிய முகத்தைத் தொட்டால் காரணம் கேட்கும்: தரை ஈரமா, தாள் தீர்ந்துவிட்டதா, குப்பை நிரம்பிவிட்டதா? பதில் உடனே மேற்பார்வையாளருக்குப் போகிறது. மணிக்கொரு முறை எல்லாக் கழிப்பறைகளையும் சுற்றிவருவதற்குப் பதில், தேவைப்படும் இடத்துக்கு ஆள் போகிறார். உலகின் மிகத் தூய்மையான விமான நிலையங்களில் ஒன்று என்ற பெயருக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் திரையின் முன் நின்று நான் யோசித்ததைச் சொல்ல வேண்டும். வாடிய முகத்தின் மீது விழும் விரல், படத்தில் உள்ள பணியாளரின் மீதும் விழுகிறது. தண்ணீர்க் குழாய் ஒழுகித் தரை நனைந்திருந்தால் அது அவர் பிழையா? ஒரு மணி நேரத்தில் நான்கு விமானங்கள் வந்திறங்க, ஒரே ஆளை நிறுத்தியது யார் பிழை? சிங்கப்பூரில் கூட்டிப் பெருக்குவோரிலும் பழுது பார்ப்போரிலும் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போனவர்கள் நிறையப் பேர். மக்களின் கண்ணைத் துணைக்குச் சேர்க்கும் எந்த ஏற்பாடும் முதலில் பழுதைத்தான் அளக்க வேண்டும். ஆளை அளக்கத் தொடங்கினால், ஒழுகும் குழாய் அப்படியே இருக்கும்; அதைத் துடைக்கிறவர் மாறிக்கொண்டே இருப்பார். அதோடு, கட்டடத்தை எல்லாரைவிடவும் நன்றாக அறிந்தவர் துப்புரவுப் பணியாளரே. எந்தத் தரைவடிகால் அடிக்கடி அடைக்கிறது, எந்தச் சுவர் மழைக்குப் பிறகு குளிர்கிறது என்பது அவருக்குத் தெரியும். புகார் செயலியை அவர் கையிலும் கொடுத்து, அவர் அனுப்புவதற்கு முன்னுரிமை கொடுக்கும் நிர்வாகமே புத்திசாலி நிர்வாகம்.

புகார் எப்படி முடிகிறது என்பதில்தான் இந்த ஏற்பாடுகளின் உண்மை தெரிந்துவிடும். புகார் கொடுத்த மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. வாசலில் போய்ப் பார்த்தால் குழி அப்படியே இருக்கிறது. இது நேராத தமிழ்நாட்டுக்காரர் அரிது. புகாரை முடிக்கும் அதிகாரம் வேலை செய்ய வேண்டியவர் கையில் இருக்கும்வரை இது நடந்தே தீரும். அவரை எத்தனை புகார் முடித்தார் என்பதை வைத்து எடை போடுகிறார்கள். எத்தனை குழி மூடினார் என்று பார்க்க ஆளில்லை. நாடு முழுவதற்குமான தூய்மைச் செயலியை மத்திய அரசு 2016இல் கொண்டுவந்தது. நகரங்களின் தூய்மைத் தரவரிசையில் அந்தச் செயலியின் பயன்பாட்டுக்கும் மதிப்பெண் வைத்தார்கள். உடனே மாநகராட்சிகளின் அக்கறை செயலியைத் தரவிறக்க வைப்பதில் திரும்பியது.

பிரிட்டனில் மைசொசைட்டி என்ற தன்னார்வ அமைப்பு 2007இல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட், இந்த வகைச் சேவைகளில் மூத்தவற்றில் ஒன்று. அதில் இரண்டு நல்ல வழக்கங்கள் உண்டு. எல்லாப் புகாரும் பொதுப் பார்வைக்கு இருக்கும். அண்டை வீட்டுக்காரரும் பத்திரிகையாளரும் பார்க்கலாம். நான்கு வாரம் கழித்துப் புகார் கொடுத்தவருக்கே மின்னஞ்சல் போகும்: சரியாகிவிட்டதா? அந்தப் பதிலும் அதே பக்கத்தில் பதிவாகும். என் வாதம் முழுவதும் இந்த இரண்டு வழக்கங்களில் அடங்கிவிடும். பார்த்தவருக்குச் சொல்லும் உரிமை இருப்பது போல, முடிந்தது என்று சொல்லும் உரிமையும் அவருக்கே வேண்டும். அது இல்லாத செயலி, புகார்ப் பெட்டிக்குப் புது வண்ணம் அடித்தது போல.

உரிமையோடு காலக்கெடுவும் வேண்டும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், சமூக வீட்டுவசதிச் சங்கத்தின் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். வயது இரண்டு. வீட்டுச் சுவரெல்லாம் படர்ந்திருந்த பூஞ்சணத்தை மூச்சில் இழுத்ததே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022இல் தீர்ப்பளித்தார். பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் செய்திருந்தார்கள். புகார் போய்ச் சேராததால் அந்தக் குழந்தை சாகவில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் எதுவும் நடக்கவில்லை. அவன் பெயராலேயே இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. 2025 அக்டோபர் 27 முதல், அங்கே சமூகக் குடியிருப்புகளில் உயிருக்கு ஆபத்தான பழுது என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஓதம், பூஞ்சணம் போன்ற கணிசமான ஆபத்தென்றால் 10 வேலை நாள்களுக்குள் ஆய்வு செய்தாக வேண்டும்; கண்டதை எழுத்தில் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். செயலி எதுவும் இல்லாமல் கடிதத்திலேயே புகார் வந்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

சென்னையின் நடுத்தர அடுக்குமாடிகளில் வாட்ஸ்அப் குழுதான் செயலி. தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் எழுதுகிறார், செக்ரட்டரி வாட்ச்மேனிடம் சொல்கிறார், மோட்டார் போடுகிறார்கள். சின்ன வேலைகளுக்கு இது போதும், வேகமாகவும் நடக்கிறது. ஆனால் காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் கீழே போய்விட்ட ஓதக்கறைப் படத்தை மூன்று ஆண்டுக்குப் பிறகு யாராலும் தேடி எடுக்க முடியாது. செக்ரட்டரி மாறினால் அந்தக் கட்டடத்தின் நினைவே அழிந்துவிடுகிறது. பெரிய குடியிருப்புகளில் மைகேட், அடா போன்ற செயலிகள் புகாருக்கு எண் கொடுத்துத் தேதியோடு பாதுகாக்கின்றன. சின்ன அசோசியேஷன்களுக்கு அதற்கும் செலவு செய்ய வேண்டியதில்லை. யாரும் பார்க்கக்கூடிய ஓர் இணைய அட்டவணை போதும்: தேதி, இடம், படம், யாரிடம் சொன்னோம், புகார் சொன்னவர் சரியாகிவிட்டது என்று எழுதிய தேதி.

அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்புகளில்தான் இது உயிர்ப் பிரச்சினை. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பின் கட்டடங்களில் லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள். 2021 ஆகஸ்டில் சென்னைப் புளியந்தோப்பு கே.பி.பார்க் புதுக் குடியிருப்புக்குக் குடிபோனவர்கள், கை பட்டாலே உதிரும் சுவர்ப்பூச்சைச் செல்போனில் படம்பிடித்து வெளியிட்டார்கள். அந்தப் படங்கள் மாநிலம் முழுவதும் பரவின, அமைச்சர்கள் வந்தார்கள், ஐஐடி வல்லுநர்களை வைத்து ஆய்வு நடந்தது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியத்தின் பழைய குடியிருப்பில் ஒரு பகுதி, 24 வீடுகள், சரிந்து விழுந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைக் கவனித்து அங்கிருந்தவர்களே ஒருவரையொருவர் எச்சரித்து வெளியேற்றிவிட்டார்கள். அங்கே செயலியும் இல்லை, எச்சரிக்கைக் கருவியும் இல்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டிய கைகள் இருந்தன. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தூணிலோ உத்தரத்திலோ புதிதாக விரிசல் ஓடினால், கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டால், இரவில் வெடிப்புச் சத்தம் கேட்டால், அதைச் செயலியில் ஏற்றிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. வெளியே வந்துவிட்டு 112ஐ அழைக்க வேண்டும்.

சென்னையை ஒட்டிய பெரும்பாக்கத்தில் வாரியத்தின் எட்டு மாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. லிஃப்ட் நின்றுவிட்டால் மேல் மாடியில் இருக்கும் முதியவர் மருத்துவமனைக்குக்கூட இறங்க முடியாது. லிஃப்ட் பழுது பற்றிய செய்திகள் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. அங்கே ஸ்மார்ட்போன் வீட்டுக்கு ஒன்று இருந்தாலும் பகலில் அது வேலைக்குப் போனவர் கையில் இருக்கும். அமெரிக்காவின் போஸ்டன் நகரில் 2012இல், காரில் போகும்போதே செல்போன் அதிர்வை வைத்துச் சாலைக் குழிகளைக் கண்டறியும் செயலியைக் கொண்டுவந்தபோது, வசதியானவர்களின் தெருக்களில் மட்டும் குழிகள் அதிகம் இருப்பது போலக் கணக்கு காட்டும் என்ற ஆபத்தை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். செயலி மட்டுமே வழி என்றால் பெரும்பாக்கத்துப் பாட்டியின் பழுது கணக்கிலேயே ஏறாது. அவர் தொலைபேசியில் பேச வேண்டும், குரல்பதிவு அனுப்ப வேண்டும், கீழே உள்ள பெண்கள் சுயஉதவிக் குழுவில் ஒருவர் அவருக்காகப் பதிவு செய்ய வேண்டும். மூன்றும் ஒரே பட்டியலில் சேர வேண்டும். அந்தப் பட்டியலை லிஃப்ட் பக்கத்துச் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும்.

வாரியம் "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" என்ற திட்டத்தைக் கொண்டுவந்து, குடியிருப்போர் சங்கங்களை அமைத்தது; அவை திரட்டும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பணம் தருகிறது. நல்ல அடித்தளம் இது. பணம் கொடுப்பவர் என்ற தகுதியும் இப்போது மக்களுக்கு வந்துவிட்டது. அடுத்த படி சிக்கலானதல்ல. ஒவ்வொரு பிளாக்குக்கும் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணோடு வரும் எந்தப் புகாரையும் புகார் சொன்னவரின் ஒப்புதல் இல்லாமல் முடிக்க முடியாதபடி வாரியத்தின் கணினியை மாற்ற வேண்டும். லிஃப்ட் ஒப்பந்ததாரரின் மாதாந்திர பில்லோடு அந்த மாதத்துப் புகார்ப் பட்டியலை இணைக்க வேண்டும். ஒப்புதல் வராத புகார்களுக்கு உரிய தொகையைப் பிடித்துக்கொண்டு, குடியிருப்போர் சங்கத் தலைவியின் கையெழுத்து விழுந்த பிறகே மீதியைக் கொடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன் ஏதாவது ஒரு குடியிருப்பில், பெரும்பாக்கத்தின் ஒரே ஒரு பிளாக்கிலாவது, வாரியம் இதைத் தொடங்கலாம்.